பிரிக்பீல்ட்ஸ் சாலைப் பெயர்கள்: எது போனது, எது நிற்கிறது, எதைப் பலகையில் எழுதச் சொல்வது?

#1 பழையசடக்கு

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துச் சாலைப் பெயர்களைப் பற்றி இந்த மன்றத்தில் அங்கங்கே பேச்சு வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடும். அதனால் தனி இழை. தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதுங்கள். "எங்க தாத்தா சொன்னார்" என்பதையும் எழுதலாம், ஆனால் அது தாத்தா சொன்னது என்று தெரியும்படி எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன்.

1881 கோலாலம்பூருக்குக் கெட்ட வருஷம். தொடக்கத்தில் தீ, வருஷக் கடைசியில் வெள்ளம். மரமும் அத்தாப்பு ஓலையும் போட்ட வீடுகள், ஒன்றில் பிடித்தால் தெருவே போய்விடும். 1882-இல் சிலாங்கூர் ரெசிடென்டாக (ஆங்கிலேய ஆட்சி அதிகாரியாக) வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்ட வேண்டும் என்று நெருக்கினார். அத்தனை செங்கல்லுக்கு எங்கே போவது? ஊருக்குத் தெற்கே, கிள்ளான் ஆற்றை ஒட்டிக் களிமண் கிடைத்த இந்தப் பகுதியில் சூளைகள் வந்தன. பிரிக்பீல்ட்ஸ், அதாவது செங்கல் களம், என்ற பெயரும் அதனால்தான். சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய், அவருக்குப் பின் கடைசிக் கப்பித்தானாக இருந்த யாப் குவான் செங், இந்த இருவரின் பெயரும் செங்கல் தொழிலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இருவர் பெயரிலும் இன்று நகரத்தில் சாலை உண்டு. இரண்டுமே பிரிக்பீல்ட்ஸில் இல்லை.

அடுத்தது ரயில். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் முதல் தடம் திறந்தது. அப்போது அது புக்கிட் கூடா வரைக்கும்தான். ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் போனது பிறகு. ரயில்வேயின் பட்டறை, பண்டகசாலை, தடம் பிரிக்கும் மைதானம் எல்லாம் இந்தப் பக்கம் பெருகப் பெருக, கூடவே ஆட்களும் வந்தார்கள். தண்டவாளம் போடவும் கரி தள்ளவும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள், கிராணி வேலைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் யாழ்ப்பாணத்தார், அவர்களோடு மலையாளிகள், சிங்களவர், சீனர். இன்று நாம் பார்க்கும் பிரிக்பீல்ட்ஸின் அச்சு அப்போது விழுந்ததுதான்.

சாலைக் கணக்கு: பிரிக்பீல்ட்ஸ் ரோடு இப்போது ஜாலான் துன் சம்பந்தன். பக்கத்தில் லோர்னி ரோடு ஜாலான் சையது புத்ரா ஆனது. ரயில் நிலையத்து முன்னால் விக்டரி அவென்யூ ஜாலான் சுல்தான் ஹிஷாமுடீன் ஆனது. ஆனால் ஜாலான் ஸ்காட், ஜாலான் டிராவர்ஸ், ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங், ஜாலான் தம்பிப்பிள்ளை எல்லாம் 'ரோடு' போய் 'ஜாலான்' வந்ததோடு சரி.

ஏன் சில பெயர் மாறியது, சில நின்றது? நின்றதையாவது எப்படிக் காப்பாற்றுவது? இதுதான் என் கேள்வி.

#2 லோரோங்ஸ்காட்

அண்ணே, நல்ல காரியம். எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

லோரோங் ஸ்காட் என்றால் யாழ்ப்பாணத்து வீட்டாருக்குக் கந்தசுவாமி கோவில்தான். சிலாங்கூர் இலங்கைச் சைவர் சங்கத்தார் பார்க்கும் கோவில். நல்லூர் முறைப்படி பூசையும் திருவிழாவும் நடக்கும். "ஸ்காட் ரோட்டுக் கோயில்" என்றால் போதும், டாக்சிக்காரருக்குச் சாமி பெயர்கூடச் சொல்ல வேண்டாம். வெள்ளைக்காரன் பெயர், எங்கள் முருகனுக்கு முகவரியாகிவிட்டது. அந்தப் பெயரை இனி எடுத்தால் எனக்கு வலிக்கும். குடியேற்றக்காலப் பெயர் எல்லாம் அடிமைச் சின்னம் என்று ஒரு வாதம் இருக்கிறது, தெரியும். நூறு வருஷமாக நம் வாயில் புழங்கிய பெயர் நமக்கும் சொந்தம் என்றே நான் நினைக்கிறேன்.

#3 செந்தூல்காரன்

சின்ன கேள்வி. ஜாலான் தம்பிப்பிள்ளையும் ஜாலான் தம்புசாமியும் ஒரே ஆள் பெயரா? வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

#4 தமிழாசிரியை50470

இல்லை தம்பி, இரண்டும் வேறு வேறு. ஜாலான் தம்புசாமி இங்கே இல்லை. அது சௌகிட்டுக்கும் ஜாலான் புத்ராவுக்கும் பக்கம். அது க. தம்புசாமிப் பிள்ளை பெயரில் இருப்பது. சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூரின் முதல் ரெசிடென்ட் டேவிட்சனோடு இங்கே வந்தவர். 1873-இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோவில், பத்துமலை, 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கும். 1902-இல் காலமானார்.

தம்பிப்பிள்ளை என்பது யாழ்ப்பாணத்தில் பரவலாக உள்ள பெயர். பிரிக்பீல்ட்ஸ் சாலை அந்தப் பெயரில் இருக்கிறது.

என் வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளிடம் தங்கள் முகவரியை எழுதச் சொன்னால் மலாயில் பிசகில்லாமல் எழுதுவார்கள். "இந்தச் சாலை யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டால் கை ஏறாது. துன் சம்பந்தன் சாலையிலேயே குடியிருக்கும் பிள்ளைக்குச் சம்பந்தன் என்றால் மோனோரயில் நிறுத்தம். 2003-இல் மோனோரயில் வந்தபோது அந்த நிறுத்தத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆளைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை.

#5 பழையசடக்கு

டீச்சர் சொன்னது முக்கியம். சம்பந்தனைப் பற்றி இங்கேயே எழுதிவிடுகிறேன், இழையைப் படிக்கும் இளசுகளுக்கு உதவும்.

வீ. தி. சம்பந்தன், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1955 முதல் 1973 வரை மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர். சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், அமைச்சர். அதையெல்லாம் விடத் தோட்டத்துச் சனம் அவரை நினைப்பது 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்துக்காக. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகும்போது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். பரம்பரையாக லயத்தில் இருந்தவர்கள் வேலையும் இழந்து வீடும் இழந்து நின்றார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டம் வாங்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் அப்படி வாங்கிய முதல் தோட்டம்.

அப்படிப்பட்டவர் பெயர் நகரத்தில் ஒரு முக்கியச் சாலைக்கு இருப்பது நமக்குக் கௌரவம். அதில் எனக்கு மறுபேச்சில்லை.

#6 ஆத்தங்கரை

ஐயா, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

சம்பந்தனுக்குச் சாலை வேண்டும், சரி. பிரிக்பீல்ட்ஸ் ரோட்டை ஏன் எடுத்தார்கள்? அது யாரோ ஒரு கவர்னர் பெயரோ ஜெனரல் பெயரோ இல்லையே. பேராக் ரெசிடென்ட் பர்ச்சின் பெயரில் இருந்த பர்ச் ரோட்டை ஜாலான் மகாராஜாலேலா ஆக்கினார்கள், நியாயம். பர்ச்சைக் கொன்ற வழக்கில் தூக்கில் போடப்பட்டவர் பெயர், அவன் பெயர் இருந்த இடத்திலேயே. ட்ரீச்சர் ரோடு ஜாலான் சுல்தான் இஸ்மாயில், வெல்ட் ரோடு ஜாலான் ராஜா சூலான். இவையெல்லாம் அதிகாரிகள் பெயர், நாடு சுதந்திரம் ஆனது, மாற்றினார்கள். 'செங்கல் காளவாய் ரோடு' யாரை அடிமைப்படுத்தியது? அது வேலை செய்தவனின் பெயர். மண்ணைக் குழைத்தவன், சூளையில் நின்றவன், அவனுக்குச் சிலையா வைக்கப் போகிறார்கள்? அவனுக்கு இருந்தது அந்தச் சாலைப் பெயர் ஒன்றுதான்.

வட்டாரத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் நிற்கிறதே என்பீர்கள். அதுவும் எத்தனை நாளைக்கு? இப்போதே வீடு விற்கும் விளம்பரங்களில் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரை வைத்து 'கேஎல் சென்ட்ரல்' என்றுதான் போடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் என்று போட்டால் விலை இறங்கும் என்று முகவரே என்னிடம் சொன்னார்.

#7 பங்சார்தோட்டம்

ஆத்தங்கரை ஐயா சொன்னதற்குப் பக்கத்து வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது.

பங்சார் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அங்கே ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த எட்வார்ட் பங்க், ஆல்பிரட் கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயரைச் சேர்த்து. பங்க்-கிரிசார் தோட்டம், நம் சனத்தின் வாயில் பங்சார். ஆக, முதலாளி பெயர் ஊருக்கு.

தோட்டம் தாமானாக (குடியிருப்பாக) மாறியபோது சாலைகளுக்கு என்ன வைத்தார்கள்? தெலாவி, ஆரா, தெராசேக், பெனாகா, காப்பாஸ், லீமாவ். எல்லாம் மரம், செடி. அழகான பெயர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பால் வெட்டிய சனத்தின் தடம் ஒரு பலகையிலாவது உண்டா? ரப்பர் மரத்துக்குக்கூட ஒரு சாலை இல்லை! இருப்பது ஜாலான் பங்சார் தமிழ்ப்பள்ளியும் ஜாலான் மாரோஃப் காளியம்மன் கோவிலும். அவை இல்லாவிட்டால் பங்சாரில் தமிழன் வேலை செய்தான் என்பதற்கு வெளியூர்க்காரரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

அதனால் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். உங்களிடம் ரொசாரியோ, சான் ஆ தோங், தம்பிப்பிள்ளை என்று ஆட்கள் பெயர் இன்னும் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

#8 செந்தூல்காரன்

பங்சார் சவுத்தை விட்டுட்டீங்களே! கம்போங் கெரின்சிதான் அது. சுமத்ராவின் கெரின்சியிலிருந்து வந்தவங்க பேர்ல இருந்த கம்போங் (கிராமம்). மேம்பாட்டாளர் கட்டடம் கட்டினதும் 'பங்சார் சவுத்' ஆயிடுச்சு. 2018-ல பழைய பேரே வரணும்னு பேச்சு கிளம்பி அமைச்சர் வரைக்கும் போச்சு. எல்ஆர்டி ரயில் நிறுத்தம் மட்டும் கெரின்சின்னே நிக்குது. பக்கத்துல அப்துல்லா ஹுக்கும் நிறுத்தம். அவரும் கெரின்சியிலிருந்து வந்தவர்தான், அந்தக் காலத்துல கோலாலம்பூரைத் திறந்தவங்கள்ல ஒருத்தர்.

ரயில் நிறுத்தத்துப் பேர் சாலைப் பேரை விட நாள் தாங்கும் போல.

#9 கோட்டஸ்பிள்ளை

நான் ரொசாரியோ ரோட்டில் வளர்ந்தவன். இப்போது ஷா ஆலமில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

'நூறு கோட்டஸ்' என்போம். ரயில்வே தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவை. ரொசாரியோவுக்கும் சான் ஆ தோங்குக்கும் நடுவில். எங்கள் அப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், தடம் மாற்றிவிடும் வேலை.

அந்த வீட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். முன்வாசல் சாலையைப் பார்த்திருந்தாலும் பெண்களின் சாலை பின்சந்துதான். பெயர் கிடையாது, பலகை கிடையாது. ஓரத்தில் சிமெண்டுக் காண். காணுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு அதில் அம்மா உட்கார்ந்து மீன் அலம்புவார். எதிர் வீட்டு மலையாளத்து அக்கா தேங்காய் துருவியபடியே பேசுவார். மூன்றாம் வீட்டில் சீனத்துக் கிழவி ஒருவர், எங்கள் தமிழ் அவருக்குத் தெரியும், அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கடன், யார் மகன் பரீட்சையில் தேறினான், எல்லாம் அந்தச் சந்தில்தான் முடிவாகும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். காக்கி உடுப்பில் எண்ணெய் வாடை முதலில் வரும், பிறகு ஆள் வருவார்.

2010-களின் நடுவில் இடித்துவிட்டார்கள். பாரம்பரியம் என்று பலரும் சொன்னார்கள், மனு கொடுத்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். நிற்கவில்லை. இடிக்கிற செய்தி வந்ததும் போனேன். வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே 'ஜாலான் ரொசாரியோ' பலகை நின்றது.

சாலைப் பெயர் முக்கியமா, வீடு முக்கியமா என்று கேட்டால் நான் வீடு என்றுதான் சொல்வேன். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நான் என் பேரப் பிள்ளைக்கு எதைக் காட்டுவது? ஆனால் வீடு போன பிறகு அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம் என்பதும் உண்மை.

#10 தமிழாசிரியை50470

அண்ணா, படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தச் சந்தைப் பற்றி எழுதியதை இங்கே மட்டும் விட்டுவிடாதீர்கள், இன்னும் விரிவாக எழுதுங்கள். எந்த வரைபடத்திலும் அது கிடைக்காது.

#11 மேப்பாளர்

ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். கேஎல் சென்ட்ரல் வந்த நிலம் ரயில்வேயின் பழைய தடம் பிரிக்கும் மைதானம். ஏறத்தாழ 72 ஏக்கர். நிலையம் 2001-இல் திறந்தது. 2014-இல் என்யூ சென்ட்ரல் பேரங்காடி வந்தது. உள்ளே சாலைப் பெயர்களைப் பாருங்கள்: ஜாலான் ஸ்டேசன் சென்ட்ரல், ஜாலான் ஸ்டேசன் சென்ட்ரல் 2, 5 என்று போகும். எண்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக ரயில்வே இருந்த மண்ணில் ஒரு ரயில்வே ஆளின் பெயர் இல்லை. ஒரு எஞ்சின் டிரைவர், ஒரு பாயின்ட்ஸ்மேன், ஒரு கங்காணி பெயர் வைத்திருக்கலாம். ஆளின் பெயர் வேண்டாம் என்றால் பட்டறை, யார்டு என்று தொழிலின் பெயராவது வைத்திருக்கலாம். புதிதாகப் போட்ட சாலைகள், பழைய பெயர் எதையும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத இடம். அங்கேதான் இந்த வாய்ப்பை விட்டோம்.

என்னைக் கேட்டால் பிரிக்பீல்ட்ஸ் ரோட்டை மாற்றியதைவிட இதுதான் பெரிய இழப்பு.

#12 வேலாயுதம்ரோடு

எல்லோரும் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் லிட்டில் இந்தியா வந்த பிறகு நம் வட்டாரத்துக்கு மரியாதை கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் வந்து திறந்து வைத்தார்கள். 2015-இல் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்தார். சாஞ்சியில் இருக்கும் வாயில் பாணியில் இந்திய அரசு கொடுத்தது. தீபாவளி நேரத்தில் நடக்க இடமிருக்காது. பூக்கடைக்காரர், துணிக்கடைக்காரர், எல்லோருக்கும் வியாபாரம். பழைய கதையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் கடைக்கு வாடகை யார் கட்டுவது?

#13 லோரோங்ஸ்காட்

அண்ணே, வியாபாரம் நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது? 'லிட்டில் இந்தியா' என்று முழு வட்டாரத்தையும் ஒரே பெயரில் மூடினால் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் என் மனக்குறை. ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களவர்களின் மகா விகாரை இருக்கிறது, அந்தச் சங்கம் 1894-இல் தொடங்கியது. 1952-இல் வந்த தம்மானந்த தேரர் 2006-இல் மறையும் வரை அங்கிருந்துதான் இந்த நாட்டுப் பௌத்தர்களுக்கு வழிகாட்டினார். புத்தர் பிறந்த நாளான வெசாக் ஊர்வலம் அங்கேயிருந்துதான் கிளம்பும். சீனர்களின் ஜெபமாலை மாதா தேவாலயம், தமிழ் லூத்தரன்களின் சீயோன் தேவாலயம், தம்பிப்பிள்ளை ரோட்டில் சீனக் கோவில். ஜாலான் தெபிங்கில் பார்வையற்றோர் சங்கம், 1951 முதல். அவர்களுக்காகத்தான் நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு பள்ளமாக ஓடு பதித்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் அதன் மேல் பெட்டியை வைக்காமல் இருந்தால் புண்ணியம்.

முன்பு லிட்டில் இந்தியா என்றால் மஸ்ஜிட் இந்தியாவும் லெபோ அம்பாங்கும்தான். பெயர் இங்கே வந்தது. நாளைக்கு வேறு இடத்துக்கும் போகலாம். பிரிக்பீல்ட்ஸ் எங்கேயும் போகாது.

#14 ஆத்தங்கரை

விவேகானந்தா ஆசிரமத்தையும் சொல்ல வேண்டும். 1904-இல் தொடங்கியது. 2014-இல் அந்த வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்தபோது சனம் கூடி எதிர்த்தது. கையெழுத்து வாங்கினார்கள், வாசலில் நின்றார்கள். கட்டடம் இன்னும் நிற்கிறது. நூறு கோட்டஸுக்குக் கிடைக்காதது ஆசிரமத்துக்குக் கிடைத்தது. ஏன்? ஆசிரமத்தின் பெயரும் கதையும் எல்லோருக்கும் தெரியும். கோட்டஸில் யார் இருந்தார்கள் என்பது அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் பெயரையும் கதையையும் பலகையில் எழுது என்கிறேன். தெரிந்த கட்டடத்தை இடிக்க யாரும் இரண்டு முறை யோசிப்பார்கள்.

#15 தபால்வீட்டுமகன்

என் அப்பா தபால்காரர். அவர் பெயர் மாற்றத்தைப் பார்த்த விதம் வேறு.

யாழ்ப்பாணத்திலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் வரும் கடிதங்களில், சாலைப் பெயர் மாறி ரொம்ப காலம் ஆன பிறகும் 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு' என்றுதான் இருக்குமாம். ஊரில் இருப்பவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? ஒரு கிழவி தன் மகனுக்கு எழுதிய உறை ஒன்றில் பழைய சாலை, பழைய வீட்டு எண், கீழே 'சலூனுக்குப் பக்கத்தில்' என்று மட்டும். சலூனும் மூடியாயிற்று. அப்பா கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அந்த வேலையில் இருந்தவர்கள் இரண்டு பெயரையும் மனதில் வைத்திருந்தார்கள். நகராண்மை பெயரை மாற்றியது, தபால்காரர்கள் அதைத் தாங்கினார்கள்.

அதனால் ஒரே ஒரு ஆலோசனை. பழைய முகவரி போட்ட உறை, ரசீது, கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ் உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். எந்தச் சாலை எப்போது மாறியது என்பதற்கு அந்த முத்திரைத் தேதியைவிட நல்ல சாட்சி கிடையாது.

#16 பினாங்குபேத்தி

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஜார்ஜ் டவுனில் நீங்கள் கேட்பதில் பாதி நடந்திருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. அதே ஆண்டிலிருந்து பாரம்பரிய வட்டாரத்தில் சாலைப் பலகைகளில் மலாய்ப் பெயருக்குக் கீழே இன்னொரு மொழியும் வந்தது. சில தெருவில் ஆங்கிலம், சில தெருவில் சீனம், சில தெருவில் தமிழ். பிட் ஸ்ட்ரீட் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் ஆகிவிட்டாலும் பழைய பெயர் இன்னும் வாயில் இருக்கிறது. மலாய்ப் பெயர் மேலே, பெரிதாக. அதில் யாருக்கும் குறை இல்லை.

கோலாலம்பூரில் ஏன் முடியாது? கூட்டரசுப் பிரதேசம் வேறு நிர்வாகம் என்பது தெரியும். ஆனால் முன்மாதிரி இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா?

#17 செந்தூல்காரன்

ஈப்போ ரோடு கதையும் இதேதான். 2014-ல ஜாலான் ஈப்போவோட ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆச்சு. எங்க வீட்ல இன்னும் ஈப்போ ரோடுதான். புதுப் பலகைக்குக் கீழ சின்ன எழுத்துல பழைய பேரையும் போட்டிருந்தா வெளியூர்லருந்து வர்றவங்க அலைய மாட்டாங்க. மரியாதையும் குறையாது.

செமாராக்கைப் பாருங்க: முதல்ல கர்னி ரோடு, அப்புறம் ஜாலான் செமாராக், இப்ப ஜாலான் சுல்தான் யஹ்யா பெத்ரா. மூணு தலைமுறைக்கு மூணு பேரு. தாத்தாவும் பேரனும் ஒரே ரோட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பாங்க, ரெண்டு பேருக்கும் அது தெரியாது.

#18 வேலாயுதம்ரோடு

பழைய பெயரையும் கீழே போடுவது என்றால் எனக்கும் சம்மதம். துன் சம்பந்தன் பெயர் மேலே இருக்க வேண்டும், அதை மட்டும் குறைக்கக் கூடாது. கடைக்காரர்கள் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். ஒரு கேள்வி: டிராவர்ஸ் யார்? என் கடைக்கு வரும் வெள்ளைக்காரப் பயணிகள் கேட்கிறார்கள்.

#19 பழையசடக்கு

டாக்டர் டிராவர்ஸ். சிலாங்கூரில் அரசு மருத்துவராக இருந்தவர். தொழுநோயாளிகளை அடைத்து வைக்கும் இடமாக இல்லாமல், அவர்கள் மனிதராக வாழும் குடியிருப்பாக ஒன்று வேண்டும் என்று பாடுபட்டவர். சுங்கை பூலோ குடியிருப்பு 1930-இல் வந்ததற்குப் பின்னால் அவர் உழைப்பு உண்டு. அங்கே இருந்தவர்களில் நம் தமிழர்களும் ஏராளம். அந்தப் பெயர் நின்றது எனக்கு மகிழ்ச்சி. வெள்ளைக்காரன் பெயர் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதற்கு இவர் போதும்.

எல்லோர் பேச்சிலிருந்தும் என் முடிவு இது. சம்பந்தன் பெயர் இருக்கட்டும். ஆனால் அதே கம்பத்தில் 'முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரோடு' என்று ஒரு வரி வேண்டும். ரொசாரியோ பலகைக்குக் கீழே, இங்கே ரயில்வே தொழிலாளர் குடியிருப்பு இருந்தது என்று ஒரு வரி. கேஎல் சென்ட்ரலின் எண் போட்ட சாலைகளுக்கு ரயில்வேக்காரர் பெயர் கேட்பது கடினமான காரியம், ஆனாலும் கேட்போம். மாநகர் மன்றத்துக்கு மனு எழுதுவது நான் பார்த்துக்கொள்கிறேன். மலாயில்தான் எழுத வேண்டும். டீச்சர் திருத்திக் கொடுத்தால் நல்லது.

#20 தமிழாசிரியை50470

கட்டாயம். வரைவை அனுப்புங்கள். ஒன்று மட்டும்: மனுவில் நம் ஆட்கள் பெயரை மட்டும் போட வேண்டாம். சூளையில் நின்ற சீனத் தொழிலாளிகளையும் விகாரைக்காரர்களையும் பார்வையற்றோர் சங்கத்தையும் சேர்த்துக் கேட்போம். விகாரையில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கையெழுத்து வாங்கித் தருகிறேன். பலகையில் பிரெயிலும் வேண்டும் என்று கேட்கலாம், கைக்கு எட்டும் உயரத்தில். இந்த வட்டாரத்தில் அதைக் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

#21 கோட்டஸ்பிள்ளை

பழைய படங்கள் என் அண்ணன் வீட்டில் கிள்ளானில் இருக்கின்றன. ஒரு படத்தில் அப்பா ரயில்வே உடுப்போடு வாசலில் நிற்பார், வீட்டு எண் தெரியும். மனுவோடு சேர்க்க உதவும் என்றால் ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். கோட்டஸில் இருந்த மற்ற குடும்பங்கள் ரவாங், பூச்சோங், காஜாங் பக்கம் சிதறி இருக்கிறார்கள். இந்த இழையைப் பார்ப்பவர்கள் இங்கேயே எழுதுங்கள், எந்த வரிசை, எந்த வீடு என்று மட்டும் போட்டால் போதும், ஒரு வரைபடம் போட்டுவிடலாம்.

#22 மேப்பாளர்

வரைபடம் என் பொறுப்பு. பின்சந்தையும் போடுகிறேன். காண் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லுங்கள்.